மொட்டை மாடிக் கம்பியும் மாஸ்டர் பிளானும்

"நம்ம ஊரைச் சிங்கப்பூர் மாதிரி ஆக்கிக் காட்டுவோம்" என்று மேடையில் யாராவது சொல்வதைப் பல முறை கேட்டிருக்கிறோம். நகருக்கு மாஸ்டர் பிளான் தயாரிக்க ஓர் ஆலோசனை நிறுவனத்தை அமர்த்தியிருக்கிறார்கள் என்று செய்தி வந்தால் போதும், டீக்கடையில் இரண்டு விதமான பேச்சு கிளம்பும். "பெரிய கம்பெனி வருது, இனிமே ஊரே மாறிடும்" என்பார் ஒருவர். "காசை வாங்கிக்கிட்டு நாலு கலர் படம் குடுத்துட்டுப் போயிடுவான்" என்பார் அடுத்தவர்.

இருவருமே அந்த நிறுவனத்தின் வேலையைத் தவறாகப் புரிந்துகொண்டிருக்கிறார்கள். அவர்கள் வந்ததும் ஊர் மாறாது. அந்தப் படம் வெறும் படமும் அல்ல. இருபது முப்பது வருஷம் கழித்துப் பேருந்து எந்த வழியாகப் போகும், மழைநீர் எங்கே தேங்கும் என்பதெல்லாம் அந்தத் தாளில் பாதி முடிவாகிவிடுகிறது. அது எப்படி என்பதை அடிப்படையிலிருந்து சொல்லிப் பார்க்கிறேன். இதில் நம் எல்லோருக்கும் பங்கு இருக்கிறது. பேச வேண்டிய நேரத்தில் பேசாமல் விட்டுவிடுகிறோம் என்ற வருத்தமும் எனக்கு இருக்கிறது.

மொட்டை மாடியில் நீட்டிக்கொண்டிருக்கும் கம்பி

நம் ஊர்களில் பாதி வீடுகளின் மொட்டை மாடியில் தூண் கம்பிகள் மேலே நீட்டிக்கொண்டிருக்கும். வீடு கட்டும்போது தரைத்தளத்துக்கு மட்டும்தான் பணம் இருந்திருக்கும். ஆனாலும் வீட்டுக்காரர் மேஸ்திரியிடம், "நாளைக்குப் பையனுக்குக் கல்யாணம் ஆனா மாடி எடுக்கணும்" என்று சொல்லி வைத்திருப்பார். அதனால் அஸ்திவாரம் கொஞ்சம் ஆழமாகப் போகும், படிக்கட்டுக்கு இடம் விடப்படும், கம்பியும் வெட்டாமல் விடப்படும். அடுத்த பத்துப் பதினைந்து வருஷத்துக்கு அந்தக் கம்பி துணிக்கொடி கட்டத்தான் உதவும். மாடி எடுக்கும் நாளில்தான் அதன் மதிப்பு தெரியும். கம்பி விடாத வீட்டுக்காரர் அன்றைக்குத் தூணை உடைக்க வேண்டியிருக்கும், அல்லது ஆசையையே விட வேண்டியிருக்கும்.

நகரத் திட்டமிடல் ஆலோசகரின் முதல் வேலை இந்தக் கம்பி விடும் வேலைதான். இன்றைக்குக் கட்ட வேண்டியதைச் சொல்ல நகராட்சிப் பொறியாளரே போதும். நாளைக்கு வரப்போகிற கூட்டத்துக்கு இன்றைக்கே எந்த இடத்தைக் காலியாக விட வேண்டும் என்று கேட்பதற்குத்தான் ஆலோசகரைக் கூப்பிடுகிறோம்.

கட்டடம் போகும், தெரு நிற்கும்

ஒரு வீட்டில் தப்பு நடந்தால் இடித்துக் கட்டலாம். ஊரில் அது ஏன் முடிவதில்லை? மதுரையைப் பாருங்கள். மீனாட்சி கோயிலைச் சுற்றிச் சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி என்று சதுரத்துக்குள் சதுரமாகத் தெருக்கள் போகின்றன. நாயக்கர் காலத்தில் உறுதியான அமைப்பு அது. அந்தத் தெருக்களின் இருபுறமும் இருந்த வீடுகள் எத்தனையோ முறை மாறிவிட்டன. ஓட்டு வீடு போய்க் காரை வீடு வந்தது, காரை வீடு போய் லாட்ஜும் ஜவுளிக்கடையும் வந்தன. தெரு மட்டும் இடம் மாறவில்லை.

1840களில் கலெக்டர் பிளாக்பர்ன் மதுரைக் கோட்டைச் சுவரை இடித்து அகழியைத் தூர்த்தார். அந்தச் சுற்றில் வெளி வீதிகளும், மாரட் வீதி, பெருமாள் மேஸ்திரி வீதி போன்றவையும் உருவாயின. மாரட் அந்த வேலையில் இருந்த நில அளவை அதிகாரி. பெருமாள் வேலையை மேற்பார்த்த மேஸ்திரி. அந்தக் காலத்து ஆலோசகரின் பெயரையும் மேஸ்திரியின் பெயரையும் இன்றும் பஸ் கண்டக்டர் சொல்கிறார் என்றால், ஒரு கோட்டுக்கு எத்தனை ஆயுள் என்று புரியும்.

காரணம் எளிது. தெரு போட்டதும் அதன் ஓரத்தில் மனை பிரிகிறது, பத்திரம் பதிவாகிறது, அடியில் குடிநீர்க் குழாயும் சாக்கடையும் போகின்றன. ஒவ்வொரு மனைக்கும் ஒரு சொந்தக்காரர், ஒரு கடன், ஒரு பாகப்பிரிவினை. தெருவைப் பத்தடி நகர்த்த வேண்டுமென்றால் இவர்கள் எல்லோரையும் நகர்த்த வேண்டும்.

சுருக்கமாக, கட்டடத்தைவிடத் தெருவுக்கு ஆயுள் அதிகம். தெரு வருவதற்கு முன்னால் காலி நிலத்தில் கோடு போடுகிறவர்தான் நெடுங்கால விளைவை உண்டாக்குகிறார்.

யார் வரைகிறார், யார் முடிவெடுக்கிறார்

மாஸ்டர் பிளான் என்பது ஒவ்வொரு சர்வே எண்ணும் குடியிருப்பா, வணிகமா, தொழிற்சாலையா, விவசாயமா, நீர்நிலையா என்று சொல்லும் சட்டபூர்வமான ஆவணம். கருத்துத் திட்டம் அதற்கு ஒரு படி மேலே இருக்கிறது. மனைக்கணக்கு அதில் இருக்காது. நகரம் எந்தத் திசையில் வளர வேண்டும், எதைத் தொடவே கூடாது என்பதைப் பெரிய கோடுகளில் சொல்லும். வீட்டுக் கணக்கில் சொன்னால், "இரண்டு தலைமுறைக்கும் இந்த வீடு போதும்படி இருக்க வேண்டும்" என்பது கருத்துத் திட்டம். எந்த அறை எத்தனை அடி என்பது மாஸ்டர் பிளான்.

ஆலோசனை நிறுவனம் கணக்கெடுக்கிறது, மக்கள்தொகை எவ்வளவு ஆகும் என்று கணிக்கிறது, பல மாற்று வரைபடங்களை முன்வைக்கிறது. முடிவெடுப்பது அரசு. பிறகு சாலையை ஒரு துறையும் குழாயை ஒரு துறையும் ரயிலை இன்னொரு துறையும் கட்டுகின்றன. ஆலோசகருக்குக் கையெழுத்து அதிகாரம் கிடையாது. அவர் கிளம்பிய பிறகுதான் அவர் வேலையின் பலனே தொடங்குகிறது.

சிங்கப்பூரில் உண்மையில் என்ன நடந்தது

எல்லோரும் உதாரணம் காட்டுகிற ஊரையே எடுத்துக்கொள்வோம். 1958-ல் பிரிட்டிஷ் ஆட்சிக் காலத்தில் சிங்கப்பூரின் முதல் மாஸ்டர் பிளான் நடைமுறைக்கு வந்தது. நகரம் மெதுவாக, சீராக வளரும் என்ற எண்ணத்தில் போட்ட திட்டம் அது. ஆனால் ஊர் அப்படி வளரவில்லை. நகர நடுவில் கடைவீடுகளின் மாடி அறைகளைப் பலகை வைத்துத் தடுத்துப் பல குடும்பங்கள் நெருக்கியடித்து வாழ்ந்தன. ஓரங்களில் அத்தாப்பு எனப்படும் ஓலைக் கூரை வீடுகள் பெருகின. 1961 மே மாதம் புக்கிட் ஹோ ஸ்வீயில் பற்றிய தீ, ஏறத்தாழ 16,000 பேரை ஒரே நாளில் தெருவில் நிறுத்தியது.

1962-ல் ஐ.நா. சார்பில் நார்வேக்காரர் எரிக் லோராங்கே வந்து பார்த்தார். 1963-ல் மூன்று பேர் கொண்ட குழு வந்தது: வீட்டுவசதிச் சட்டம் அறிந்த சார்லஸ் ஏப்ரம்ஸ், போக்குவரத்துப் பொருளாதாரம் அறிந்த சுசுமு கோபே, திட்டமிடுநர் ஓட்டோ கோனிக்ஸ்பெர்கர். கோனிக்ஸ்பெர்கருக்கு நம் பக்கத்தோடு உறவு உண்டு. நாஜி ஆட்சியில் ஜெர்மனியை விட்டு வெளியேறிய அவர், மைசூர் அரசின் தலைமைக் கட்டடக் கலைஞராக இருந்தார். புவனேஸ்வர் நகருக்குத் திட்டம் வரைந்தவரும் அவர்தான். ஓர் ஊரில் பட்ட பாட்டை அடுத்த ஊருக்குப் பாடமாக எடுத்துப்போவது நல்ல ஆலோசகரின் பலம். இங்கே அது கண்முன் தெரிகிறது.

வேகமாக வளரும் ஊருக்கு இறுக்கமான மாஸ்டர் பிளான் பொருந்தாது என்றது அந்தக் குழு. வழிகாட்டும் ஒரு கருத்தை வைத்துக்கொண்டு பகுதி பகுதியாக வேலையைத் தொடங்குங்கள் என்றது. தீவின் நடுவிலுள்ள நீர்ப்பிடிப்புக் காட்டைத் தொடாமல், அதைச் சுற்றி வளையமாக ஊர்கள் அமையலாம் என்ற யோசனையையும் கொடுத்தது.

1965-ல் சிங்கப்பூர் தனி நாடானது. 1967 முதல் 1971 வரை ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் உதவியோடு ஒரு பெரிய ஆய்வு நடந்தது. ஆஸ்திரேலியாவின் குரூக்ஸ் மிச்செல் பீக்காக் ஸ்டூவர்ட் என்ற நிறுவனம் ஆலோசகராக அமர்த்தப்பட்டது. உள்ளூர் அதிகாரிகளும் அவர்களோடு உட்கார்ந்து வேலை செய்தார்கள். அதன் விளைவுதான் 1971-ன் முதல் கருத்துத் திட்டம். அப்போது அங்கே சுமார் 20 லட்சம் பேர்தான் இருந்தார்கள். திட்டமோ 40 லட்சம் பேரை மனத்தில் வைத்தது. நடுவில் நீர்த்தேக்கமும் காடும், சுற்றிலும் மணி கோத்ததுபோல் புதிய நகரியங்கள், மேற்கே ஜூரோங் தொழிற்பேட்டை, தெற்கே கடலோரம் நகர மையம், எல்லாவற்றையும் இணைக்கும் விரைவுச்சாலையும் ரயிலும். இன்றைய சிங்கப்பூர் வரைபடத்தை அதன் பக்கத்தில் வைத்தால் அந்த வளையம் தெரியும்.

பதினாறு வருஷம் காத்திருந்த கோடு

இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி ரயில்தான். 1971-ன் வரைபடத்தில் ரயிலுக்கான கோடு இருந்தது, ரயில் இல்லை. அடுத்த பத்து வருஷமும் விவாதம் நடந்தது. 1980-ல் ஹார்வர்டிலிருந்து வந்த ஒரு நிபுணர் குழு, ரயிலே வேண்டாம், பேருந்துகளை மட்டும் வைத்தே சமாளிக்கலாம் என்று அறிக்கை கொடுத்தது. ஒரு நிபுணர் சொன்னதை இன்னொரு நிபுணர் மறுத்தார். தொலைக்காட்சியில் எல்லோரும் பார்க்க விவாதம் நடந்தது. 1982-ல் ரயில் கட்டுவது என்று அரசு முடிவெடுத்தது. 1987 நவம்பர் 7-ஆம் தேதி, இயோ சூ காங்கிலிருந்து தோ பாயோ வரை முதல் ரயில் ஓடியது.

இந்தப் பதினாறு வருஷமும் அந்தக் கோடு சும்மா இருக்கவில்லை. திட்டமிடலில் இதை வழித்தடம் ஒதுக்குதல் என்பார்கள். பிற்காலத்தில் சாலையோ ரயிலோ வரப்போகும் பாதையில் நிரந்தரக் கட்டடங்களுக்கு அனுமதி தராமல் காத்து வைப்பது அது. ரயில் உறுதியாகாத 1970களிலேயே ஆங் மோ கியோ போன்ற நகரியங்கள் எழும்பின. பெரிய அடுக்குமாடிகளும் சந்தையும் பேருந்து நிலையமும் நகரிய மையத்தை ஒட்டி அமைந்தன. ரயில் வந்தபோது அதன் வாசலில் ஜனங்கள் ஏற்கெனவே குடியிருந்தார்கள்.

தென்னங்கன்று நட்டவர்களுக்கு இது புரியும். கன்றுக்குக் கன்று இருபத்தைந்து அடி விட்டு நட்டால், முதல் சில வருஷம் பார்ப்பவர்கள் "ஏன் இவ்வளவு இடத்தை வீணாக்குறீங்க?" என்று கேட்பார்கள். நெருக்கி நட்டவர் தோப்பில் பின்னால் மட்டை மட்டையோடு மோதி, வெளிச்சத்துக்குப் போட்டி போட்டு, காய்ப்புக் குறையும்.

இதுவரை பார்த்ததில் பிடித்துக்கொள்ள வேண்டியது ஒன்றுதான். ஆலோசகர் சொன்ன காலத்தில் ரயில் வரவில்லை. ஆனால் இடம் காப்பாற்றப்பட்டதால், முடிவெடுக்கும் சுதந்திரம் அரசிடம் மிஞ்சியிருந்தது.

அறிக்கை போன பிறகு எது மிஞ்சுகிறது

ஒதுக்கிய நிலத்தைப் பார்த்துவிட்டோம். அடுத்து மிஞ்சுவது விதி. தளப்பரப்புக் குறியீடு என்று ஒன்று உண்டு. நம் ஊரில் எஃப்.எஸ்.ஐ. என்றே சொல்வார்கள். மனையின் பரப்பைப்போல் எத்தனை மடங்கு பரப்பைக் கட்டலாம் என்பது அது. ஒரு கிரவுண்டு, அதாவது 2,400 சதுர அடி மனைக்குக் குறியீடு 2 என்றால், எல்லாத் தளமும் சேர்த்து 4,800 சதுர அடி கட்டலாம். இந்த ஒரு எண் மாறினால் நிலத்தின் விலை மாறும், தெருவில் வண்டி கூடும், குழாயின் அளவு போதாமல் போகும். ஆலோசகர் ஒரு பகுதிக்குப் பரிந்துரைத்த எண், அவர் பெயரை எல்லோரும் மறந்த பிறகும் ஒவ்வொரு பிளான் அப்ரூவலிலும் வேலை செய்துகொண்டிருக்கும்.

அப்புறம், ஆட்கள். இதைத்தான் நாம் கவனிப்பதே இல்லை. சிங்கப்பூரில் 1960களில் வெளியாரின் பக்கத்தில் உட்கார்ந்து உள்ளூர்க்காரர்கள் கற்றுக்கொண்டார்கள். 1991-ல் அடுத்த பெரிய கருத்துத் திட்டத்தை அவர்களே தயாரித்தார்கள். நகர மறுசீரமைப்பு ஆணையத்தின் தலைவராக இருந்து அதை நடத்தியவர் லியூ தை கெர். தெம்பனிஸ், உட்லண்ட்ஸ், ஜூரோங் ஈஸ்ட் ஆகியவற்றை வட்டார மையங்களாக வளர்க்கும் எண்ணம் அதில் வந்தது. மாஸ்டர் பிளானை ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை மறுபரிசீலனை செய்யும் பழக்கமும் அங்கே நிலைத்தது. என்னைக் கேட்டால், ஆலோசனை நிறுவனம் நல்லதா என்று பார்க்க, போகும்போது அது எத்தனை உள்ளூர் ஆட்களைத் தயார்செய்துவிட்டுப் போனது என்று எண்ண வேண்டும்.

ஆலோசகர் சொன்னதையெல்லாம் அவர்கள் கேட்டுக்கொள்ளவும் இல்லை. 1970களின் தொடக்கத்தில் விமானப் போக்குவரத்து ஆலோசகர்கள் பாய லேபார் விமான நிலையத்தில் இரண்டாவது ஓடுபாதை போடச் சொன்னார்கள். செலவழிக்கத் தொடங்கிய பிறகும் அரசு யோசித்துப் பார்த்து, 1975-ல் கடலோரச் சாங்கிக்கு மாறியது. விமானங்கள் ஊருக்கு மேலே பறக்காமல் கடலுக்கு மேலே வந்து இறங்கும் என்பது ஒரு முக்கியக் காரணம். 1981-ல் சாங்கி திறந்தது.

அதன் விலையையும் சொல்ல வேண்டும்

சிங்கப்பூரில் கோடு நின்றதற்குப் பின்னால் 1966-ன் நில எடுப்புச் சட்டம் இருக்கிறது. 1960-ல் தீவின் நிலத்தில் ஏறத்தாழ 44 சதவீதம் அரசிடம் இருந்தது. 1985-ல் அது ஏறத்தாழ 76 சதவீதமானது. நீண்ட காலம் இழப்பீடு சந்தை விலைக்குக் கீழேதான் இருந்தது. கம்போங் எனப்படும் கிராமக் குடியிருப்புகளில் கோழி வளர்த்தவர்களும் காய்கறி போட்டவர்களும் அடுக்குமாடிக்கு மாறினார்கள். குழாய்த் தண்ணீரும் கழிப்பறையும் கிடைத்தன. தோட்டமும் அக்கம்பக்கமும் போயின. நகர மையத்தில் பழைய கடைவீடுகள் வரிசை வரிசையாக இடிபட்டன. சைனாடவுன், கம்போங் கிளாம், நம் தமிழர்களின் தேக்கா அடங்கிய லிட்டில் இந்தியா ஆகியவற்றுக்கு 1989-ல்தான் பாதுகாப்புப் பகுதி என்ற தகுதி கிடைத்தது.

இடிக்காமலும் ஊரைச் சரிசெய்யலாம் என்று அதற்கு எழுபது வருஷம் முன்பே தமிழ்நாட்டில் ஓர் ஆலோசகர் எழுதிவைத்தார். ஸ்காட்லாந்துக்காரர் பேட்ரிக் கெடிஸ். சென்னை மாகாண ஆளுநர் பென்ட்லண்ட் பிரபு அழைத்து 1914-ல் வந்தவர். அவர் கண்காட்சிக்கு வேண்டிய வரைபடங்களை ஏற்றி வந்த கப்பலை ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன் மூழ்கடித்தது. ஆமாம், சென்னையில் குண்டு போட்ட அதே எம்டன்தான். புதிதாகத் திரட்டி, 1915 ஜனவரியில் சென்னையில் கண்காட்சி நடத்தினார். பிறகு மதுரை, தஞ்சாவூர் எனத் தெருத் தெருவாக நடந்தார். தஞ்சைக் கோட்டைப் பகுதியில் நேர்கோட்டுச் சாலை போட்டு வீடுகளை இடிக்கலாம் என்ற யோசனைக்குப் பதிலாக, பாழடைந்த வீட்டை மட்டும் எடுத்து, முட்டுச்சந்தைத் திறந்து, மரம் நட்டு, இருக்கிற சந்துகளையே அகலப்படுத்தலாம் என்றார். செலவும் அதில் வெகுவாகக் குறையும் என்று காட்டினார். நோயைக் கண்டறிந்த பிறகு மருந்து கொடு என்பது அவர் கொள்கை. ஊரைப் பார்க்காமல் கணினியில் கோடு இழுக்கும் இன்றைய அறிக்கைகளைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அவர் நினைவு வரும்.

அப்படியென்றால் நம் ஊருக்கு?

சிங்கப்பூரின் அறிக்கையை வாங்கி இங்கே ஒட்ட முடியாது. அங்கே நகரமும் நாடும் ஒன்று. இங்கே சென்னையில் மாநகராட்சி ஒரு பக்கம், குடிநீர் வாரியம் ஒரு பக்கம், பெருநகர் வளர்ச்சிக் குழுமமான சி.எம்.டி.ஏ. ஒரு பக்கம், ரயில்வே ஒன்றிய அரசிடம். நில எடுப்பும் வேறு. 2013-ன் சட்டப்படி நகர்ப்புறத்தில் சந்தை மதிப்பின் இரு மடங்கும் கிராமப்புறத்தில் நான்கு மடங்கு வரையும் இழப்பீடு தர வேண்டும். உழவர் பக்கத்திலிருந்து பார்த்தால் இது நியாயம். அதனால்தான் நம் ஊரில் கோடுகளை முன்கூட்டியே போட்டுக் காப்பது இன்னும் அவசியமாகிறது. வீடு முளைத்த பிறகு வாங்கக் காசு போதாது.

சென்னையிலும் கம்பி விட்டு வைத்த இடங்கள் உண்டு. முதல் மாஸ்டர் பிளான் 1970களின் நடுவில் வந்தது. கொத்தவால் சாவடியில் நெரிசல்பட்ட காய்கறிச் சந்தை 1996-ல் கோயம்பேட்டுக்குப் போனது, 2002-ல் அதன் பக்கத்தில் புறநகர்ப் பேருந்து நிலையமும் வந்தது. அதற்கு எதிர் உதாரணம் பள்ளிக்கரணை. மழைநீரை வாங்கிக்கொள்ள வேண்டிய சதுப்பு நிலத்தின் பெரும்பகுதியைக் கட்டடமும் சாலையும் குப்பைமேடும் எடுத்துக்கொண்டன. 2022-ல் உலக அளவில் முக்கியமான ஈரநிலம் என்ற ராம்சார் தகுதி கிடைத்தபோது மிஞ்சியிருந்தது கொஞ்சம்தான். இரண்டாவது மாஸ்டர் பிளான் 2008-ல்தான் வந்தது. முதல் திட்டத்துக்கும் அதற்கும் நடுவில் முப்பது வருஷத்துக்கு மேல் போய்விட்டது. அந்த இடைவெளியில் முளைத்த புறநகர்களில்தான் இன்று இடுப்பளவு தண்ணீர் நிற்கிறது.

சரி, உங்கள் ஊருக்கு வரைவுத் திட்டம் வெளியாகிறது என்று வைத்துக்கொள்வோம். சட்டப்படி மக்களிடம் ஆட்சேபமும் ஆலோசனையும் கேட்பார்கள். அப்போது படத்தின் அழகைப் பார்த்துவிட்டு மூடிவைக்காதீர்கள். மக்கள்தொகை எந்த ஆண்டுக்கு எவ்வளவு என்று கணித்திருக்கிறார்கள், எந்த வழித்தடங்களை ஒதுக்கியிருக்கிறார்கள், எத்தனை வருஷத்துக்கு ஒரு முறை திருத்துவதாகச் சொல்கிறார்கள் என்று தேடிப் பாருங்கள். பிறகு உங்கள் ஏரியைக் கண்டுபிடியுங்கள், ஏரி நிறைந்தால் உபரிநீர் வழியும் கலங்கலிலிருந்து தண்ணீர் போகும் வாய்க்காலை விரலால் தடவிக்கொண்டே போங்கள். வாய்க்கால் நடுவழியில் காணாமல் போய், அந்த இடம் குடியிருப்பு நிறத்தில் இருந்தால், தாலுகா ஆபீஸில் அந்தச் சர்வே எண்ணுக்கான புல வரைபடத்தையும், நிலம் என்ன வகை என்று சொல்லும் அ-பதிவேட்டின் நகலையும் வாங்கி, கடிதத்தோடு இணைத்து, கடைசித் தேதிக்குள் கொண்டுபோய்க் கொடுத்து, ஒப்புகைச் சீட்டை வாங்கிக்கொள்ளுங்கள்.